போயிட்டு வரேனுக்கு ஸ்பானிஷில் என்ன?

சுரங்க முகாம், கலாமா அருகில்,
சிலி
20.1.2025

அன்புள்ள காந்திமதிக்கு,

பதினோரு தடவை போன் செய்தேன். பன்னிரண்டாவது தடவை இசைப்பிரியா எடுத்தாள். "அம்மா பேச மாட்டாங்களாம்பா. சொல்ல வேண்டியத பேப்பர்ல எழுதி, போட்டோ புடிச்சி அனுப்பச் சொன்னாங்க" என்றாள். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளையைத் தூது போகிறவளாக்கி வைத்திருக்கிறாய். சரி. முகாம் கடையில் கட்டம் போட்ட நோட்டு ஒன்றுதான் கிடைத்தது. என் கையெழுத்துக்கு அந்தக் கட்டம் போதவில்லை.

வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. வேலை அங்கே பார்த்ததுதான். பழுப்பு நிலக்கரிக்குப் பதில் இங்கே செம்புக் கல். அதைச் சுமந்து ஓடுகிற பெல்ட் பெல்ட்தான். அறுந்த பெல்ட்டைப் படி வெட்டி, ரப்பர் வைத்து, பிரஸ்ஸில் வேகவைத்து ஒட்டுவதற்கு நம் மைன்ஸில் பத்தொன்பது வருஷம் கான்ட்ராக்டில் பழகிய கை போதும். முதல் ஜாயிண்ட்டைப் பார்த்து எங்கள் ஷிப்ட் தலைவி யோலாந்தா தட்டிக்கொடுத்தாள்.

கை பேசுகிறது, வாய்தான் பேசவில்லை. மார்ச் 14ஆம் தேதி பாதுகாப்புத் தேர்வு. மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து ஸ்பானிஷில் பதில் சொல்ல வேண்டும். தேறினால் இரண்டு வருஷ வேலை உறுதி. தேறாவிட்டால் அந்த வாரமே டிக்கெட் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கோ காலையில் படித்தது மத்தியானம் இல்லை.

மைன்ஸ் ஸ்டோர்ஸில் ஆயிரக்கணக்கான சாமானுக்குப் பெயர் அட்டை எழுதி ஒட்டுகிறவள் நீ. ஒரு பெயரை எங்கே வைத்தால் திரும்ப எடுக்கலாம் என்று உனக்குத் தெரியும். வழி சொல்லு. கோபத்தோடேயே சொல்லு, பரவாயில்லை.

செங்குட்டுவன்


பிளாக் 19, நெய்வேலி
24.1.2025

செங்குட்டுவன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை நீங்கள். ஆனாலும் சொல்கிறேன். பிரஸ்ஸைச் சூட்டோடு திறந்தால் ஜாயிண்ட் பிய்த்துக்கொள்ளும், ஆறின பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று இந்த வீட்டில் ஆயிரம் தடவை சொன்னவர் நீங்கள்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி வார்த்தைக்கு வருகிறேன். மனப்பாடம் செய்யாதீர்கள். அது உங்களுக்கு வராது, எட்டாம் வாய்ப்பாடே வராது. ஒவ்வொரு வார்த்தையும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். வேர் தெரிந்தால் பெயர் தானாக நிற்கும். டவுன்ஷிப் நூலகத்தில் வேரோடு போட்ட தடி அகராதி ஒன்று இருக்கிறது. அதைத் தூக்கி வந்ததில் தோள்பட்டை வலி.

மேசைக்கு அவர்கள் மேசா என்பார்கள். அலமாரிக்கு அர்மாரியோ. துவாலைக்கு தோஆயா. சாவிக்கு யாவே. பயப்படாதீர்கள், இதெல்லாம் பாதி நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. பறங்கிப்பேட்டையில் கப்பல் விட்டு இறங்கினார்களே போர்த்துக்கீசியர், அவர்கள் பேச்சும் ஸ்பானிஷும் பங்காளிகள். அவர்கள் விட்டுப் போனதைத்தான் நாம் தமிழ் என்று நினைத்துக்கொண்டு திறந்து மூடிக்கொண்டிருக்கிறோம். சேத்தியாத்தோப்பில் பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்து வந்த வார்த்தை எப்படி உங்களுக்கு மறக்கும்?

ஜன்னலுக்கு பென்தானா. பியென்தோ என்றால் காற்று, அதிலிருந்து வந்தது. நம் பழைய தமிழிலும் ஜன்னலுக்குக் காலதர் என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. உலகத்தின் இரண்டு மூலையில் இருந்தவர்கள் சுவரில் ஓட்டை போட்டதும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள். சர்க்கரைக்கு அசூக்கார். நம் நாட்டுச் சர்க்கரைதான், அரபு நாட்டு வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தலையணைக்கு அல்மோஆதா. இதுவும் அரபு. கன்னம் என்ற சொல்லிலிருந்து வந்ததாம், கன்னம் வைக்கிற இடம். இது தேர்வுக்குத் தேவைப்படாது. அகராதியில் கண்ணில் பட்டது, எழுதினேன்.

இன்னொன்று. ஜனவரி ஆறாம் தேதி காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று நீங்கள் சொன்னது "போறேன்". எதிர்வீட்டுக் கனகம் அக்கா காதிலும் விழுந்தது. கடைத்தெருவுக்குப் போனாலும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிற மனுஷர். பூமியின் அந்தப் பக்கத்துக்குப் போகும்போது வெறும் "போறேன்". அதுதான் எனக்கு ஆறாதது. டிசம்பரில் டிக்கெட் வந்த பிறகுதான் விஷயமே எனக்குத் தெரியும் என்பதுகூட இரண்டாவதுதான்.

இசைக்கு உங்களைத் தேடுகிறதாம். எழுதச் சொன்னாள்.

காந்திமதி


சிலி
3.2.2025

அன்புள்ள காந்திமதிக்கு,

உன் வழி வேலை செய்கிறது. சாப்பாட்டு அறையில் மேசாவைத் தொட்டுக் காட்டினேன், அர்மாரியோவைத் திறந்தேன், பென்தானா பக்கம் போய் நின்று பியென்தோ என்றேன். அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மறக்கவில்லை, அதுதான் வேண்டும். இராத்திரி தலையணையில் கன்னம் வைக்கும்போது அல்மோஆதா என்று ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். தேர்வுக்குத் தேவைப்படாது என்று தெரியும்.

ஒரு வார்த்தையை நானே பிடித்தேன். சம்பளத்துக்கு சலாரியோ. உப்பிலிருந்து வந்ததாம். நம் ஊரிலும் சம்பளம் என்றால் சம்பாவும் அளத்து உப்பும் என்று சொல்வார்களே, அதை யோலாந்தாவிடம் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவளுக்கு ஐம்பது வயசு, காது வரைக்கும் சிரித்தாள். வேலைக்கு இவர்கள் த்ரபாஹோ என்கிறார்கள். அது பழைய காலத்தில் ஆளைக் கட்டி வதைக்கிற மூன்று கம்பின் பெயராம். இதை மட்டும் நான் யாருக்கும் விளக்கவில்லை. கான்ட்ராக்ட் ஆளுக்கு விளக்கம் தேவையில்லை.

உன்னிடம் ஒரு கேள்வி. ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது எனக்கு வாயில் வர மறுக்கிறது. யோலாந்தா "அதியோஸ்" என்பாள். மற்றவர்கள் "சாவோ" என்பார்கள். வாயைத் திறந்து சாவோ என்று ஒருவரைப் பார்த்து எப்படிச் சொல்வது? நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். மரியாதை தெரியாதவன் என்று நினைப்பார்கள். வேறு வார்த்தை இருந்தால் கண்டுபிடித்து எழுது.

அந்தக் காலையைப் பற்றி எழுதியிருந்தாய். நான் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நீ சொல்லாததும் ஞாபகம் இருக்கிறது. 

செங்குட்டுவன்


நெய்வேலி
9.2.2025

பெல்ட்டுக்காரருக்கு,

அகராதியைப் பார்த்தேன். அதியோஸ் என்றால் 'கடவுளிடம்'. உன்னைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று அர்த்தம். நம் ஊரில் ஒருவரைச் சாமிகிட்ட சேர்த்துவிட்டோம் என்றால் என்ன செய்தி என்று உங்களுக்கே தெரியும். சாவோ இத்தாலிப் பக்கத்திலிருந்து வந்தது. 'நான் உன் அடிமை' என்று அர்த்தம். அதுவும் வேண்டாம். அஸ்தா லுவேகோ என்று ஒன்று உண்டு, 'அப்புறம் வரைக்கும்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் வருவேன் என்கிற பேச்சே இல்லை.

அதனால் நானே உட்கார்ந்து கோர்த்தேன். போகிறேன் என்பதற்கு அவர்கள் வாயில் 'போய்'. நிஜமாகவே அப்படித்தான் உச்சரிப்பு, இசை போனில் போட்டுக் காட்டினாள். நம் 'போய்'க்கும் அதற்கும் உறவு ஒன்றும் கிடையாது. ஆனால் மறக்க முடியாது. திரும்பி வருகிறேன் என்பதற்கு 'புவெல்போ'. அதன் வேருக்கு உருளுவது, சுற்றி வருவது என்று அர்த்தம். உங்கள் பெல்ட் மாதிரி. எவ்வளவு தூரம் போனாலும் அடியில் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறதல்லவா, அது.

போய் இ புவெல்போ. போயிட்டு வரேன். இதைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அங்கே இருப்பவர்களுக்காவது சொல்லுங்கள்.

நான் சொல்லாததும் ஞாபகம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போயிட்டு வரேன் என்றால்தானே "வாங்க" என்று சொல்ல முடியும்? போறேன் என்கிற ஆளுக்கு என்ன பதில் இருக்கிறது? இரண்டு நாளாக இதையேதான் யோசிக்கிறேன். ஸ்டோர்ஸில் பேரிங்குக்கு எழுத வேண்டிய அட்டையை போல்ட் தட்டில் ஒட்டிவிட்டேன்.

இசை கணக்கில் நன்றாக வாங்கியிருக்கிறாள். அவளுக்கு உங்களைத் தேடுகிறது. எனக்கு வேலை சரியாக இருக்கிறது.

காந்திமதி


சிலி
28.2.2025

காந்திமதிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டு வாரமாகப் போகிற இடத்திலெல்லாம் போய் இ புவெல்போ சொன்னேன். சாப்பாட்டு அறையில், கழிவறைக்குப் போகும்போது, பட்டறைக்குப் போகும்போது. எல்லோரும் தலையசைத்தார்கள். அப்பாடா, மரியாதை தெரிந்தவனாகிவிட்டேன் என்று இருந்தேன்.

நேற்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்தது. பிரஸ்ஸைப் பட்டறையில் சேர்க்க ஒரு ஜீப் வந்தது. நான் அதில் ஏறினேன். ஏறும்போது பெல்ட் ஓரத்தில் நின்றவர்களைப் பார்த்து, வாய் நிறைய, "போய் இ புவெல்போ" என்றேன். ஜீப் டிரைவர் பட்டறையிலிருந்து அப்படியே என்னை முகாமில் இறக்கிவிட்டார். குளித்தேன். டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்த ஊரில் அதற்கு 'இதோ வந்துவிட்டேன், ஐந்தே நிமிஷம்' என்று அர்த்தமாம். ஒருவன் அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் நின்ற இடத்துக்கே வந்துவிடுவான் என்று எல்லோரும் நம்புவார்கள். தலை எண்ணிக்கை சரியாகாமல் இங்கே முகாமுக்குத் திரும்புகிற பஸ் நகராது. நாற்பது நிமிஷம் பஸ் நின்றிருக்கிறது. நான் பெல்ட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டேனோ என்று பதினெட்டுப் பேர் டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார்கள். நான் கிடைக்கும்வரை பெல்ட்டை ஓட்ட விடவில்லை. யோலாந்தா வந்து என்னை டீயும் கையுமாகப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய அண்ணன் ஒரு பெல்ட்டில் மாட்டி உயிர் போனவராம்.

எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். தேர்வில் இதைத்தான் முதலில் கேட்பார்களாம். சரியாகப் பதில் சொல்லாவிட்டால் அவ்வளவுதான், ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் தோற்று வர வேண்டும் என்று வேண்டுமென்றே எழுதினாயா? ஒரு நிமிஷம் அப்படித் தோன்றிவிட்டது. தோன்றியதற்கு மன்னித்துக்கொள். ஆனால் தோன்றியது.

இன்னொன்றும் தோன்றியது, அதையும் எழுதிவிடுகிறேன். பத்தொன்பது வருஷம் மைன்ஸுக்குப் போனேன். ஒரு நிமிஷம் தாமதமானாலும் கான்ட்ராக்ட் வண்டி என்னை விட்டுவிட்டுப் போகும். இங்கே ஒரு பஸ் எனக்காக நாற்பது நிமிஷம் நின்றது.

செங்குட்டுவன்


நெய்வேலி
2.3.2025

செங்குட்டுவா,

முதல் தடவையாக வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், அவ்வளவு கோபம். வேண்டுமென்றே எழுதினேனா? பதினெட்டுப் பேர் டார்ச் அடித்துத் தேடினார்கள் என்ற வரியை நின்ற இடத்திலேயே மூன்று தடவை படித்தேன். ஸ்டோர்ஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அகராதியில் அர்த்தம் இருக்கிறது, வேர் இருக்கிறது. அதை யார் எந்த நேரத்தில் சொல்வார்கள் என்று இல்லை. போயிட்டு வரேன் என்றால் எட்டு மணி நேரம் கழித்து வந்தாலும் வந்ததுதான் என்று நினைக்கிற ஊரில் பிறந்தவள் நான். எனக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவு எழுதிவிட்டு நிறுத்தினேன். சாயங்காலம் மறுபடி எடுத்தேன். உண்மையை எழுதாமல் இந்தத் தாளை மூட முடியவில்லை.

'ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான்' என்ற வரியைப் படித்தபோது ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன். நீங்கள் தேறாமல் வர வேண்டும் என்று தைப்பூசத்தில் வேண்டிக்கொண்டதும் உண்டு. வேண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து உங்களுக்கு வார்த்தை தேடினேன். பகலில் சொல்லிக்கொடுப்பேன், பூஜையில் தோற்க வேண்டும் என்பேன். இந்த இரண்டு பேரும் நான்தான்.

இன்னொரு உண்மை. நீங்கள் ஏன் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். செப்டம்பரில், வராந்தாவில் நீங்கள் கொண்டுவந்து போட்ட பழைய பெல்ட் துண்டுகளைப் பார்த்து நான், "இது என் குவார்ட்டர்ஸ், இங்க குப்ப போட்டுக்கினு இருக்காதீங்க" என்றேன். நான் பர்மனென்ட், நீங்கள் கான்ட்ராக்ட், வாசல் போர்டில் என் பெயர். பதினெட்டு வருஷமாக இரண்டு பேரும் வாய் திறக்காத விஷயம். அன்று நான் திறந்துவிட்டேன். நீங்கள் துண்டுகளை அள்ளிக்கொண்டு போனீர்கள். திட்டியிருந்தால் தேவலை.

இனி தேர்வுக்கு வருகிறேன். ஆபத்துக்கு பெலிக்ரோ. அதன் பழைய அர்த்தமே சோதனை, பரீட்சை. பாதுகாப்புக்கு செகூரோ, 'கவலை இல்லாமல்' என்று அர்த்தம். பெல்ட்டுக்கு கொர்ரேயா, செருப்பு வார் என்கிற சொல்லிலிருந்து வந்தது. இவ்வளவு பெரிய வேலைக்குச் செருப்பு வார் தைக்கிறவர் என்று பெயர் வாங்கியிருக்கிறீர்கள். கூட வேலை செய்கிறவருக்கு கொம்பன்யேரோ, ஒரே ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுகிறவர். அந்தப் பதினெட்டுப் பேரும் அதுதான். அவர்களிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

அந்தக் கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பூச வேண்டாம், மெழுக வேண்டாம்.

தேறுங்கள். தோற்று வந்து இந்த வீட்டில் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நடப்பதை என்னால் பார்க்க முடியாது. வேண்டுதலை வாபஸ் வாங்கிவிட்டேன். இசைக்கு உங்களைத் தேடுகிறது.

காந்திமதி


சிலி
15.3.2025

என் காந்திமதிக்கு,

தேறிவிட்டேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஓரத்தில் யோலாந்தா. பெலிக்ரோ, செகூரோ எல்லாம் கேட்டார்கள், சொன்னேன். கொர்ரேயா ஓடும்போது எங்கே கை வைக்கக் கூடாது என்று கேட்டார்கள். அதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். கடைசியில் ஒருவர், வராமல் இருக்கப் போகிறவன் ஏன் வருகிறேன் என்று சொன்னாய் என்று கேட்டார்.

என்னிடம் இருந்த வார்த்தைகளை எல்லாம் கொட்டினேன். என் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் திரும்ப வராதவன் என்று அர்த்தம். வேலைக்குப் போனாலும், வெளியூர் போனாலும், போய் வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர் வா என்று சொல்ல வேண்டும். நான் ஒரே ஒரு தடவை போகிறேன் என்று சொன்னேன், என் மனைவியிடம், இங்கே வருகிற அன்று. அதற்குப் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். என் தப்புதான். இதில் எத்தனை வார்த்தை ஸ்பானிஷ், எத்தனை என் கையாட்டல் என்று தெரியாது. யோலாந்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பென்தானா பக்கம் திரும்பிக்கொண்டாள். கேள்வி கேட்டவர் தாளில் ஏதோ எழுதிவிட்டு, இனிமேல் எத்தனை மணிக்கு வருவாய் என்பதையும் சேர்த்துச் சொல் என்றார்.

எத்தனை மணி என்றால், ஜூலையில் மூன்று வாரம் லீவு. 12ஆம் தேதி சென்னை.

அந்தக் காலையைப் பற்றி நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். போறேன் என்று சொன்னதுமே தப்பு என்று தெரிந்தது. பெட்டியோடு கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றேன். நீ வெளியே வந்து ஒரு தடவை "வாங்க" என்று சொல்லிவிட்டால் போதும் என்று நின்றேன். இரண்டு பஸ் போயிற்று. மூன்றாவதில் ஏறினேன். திரும்பி வந்து வார்த்தையை மாற்றிச் சொல்ல ஐந்து அடி நடக்கவில்லை நான். அது என் வீறாப்பு. இந்த வேலைக்கான விண்ணப்பத்தை ஒரு மாதம் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்து, செப்டம்பரில் நீ அந்தச் சொல்லைச் சொன்ன மறுநாள் போட்டேன். உன்னிடம் மறைத்தேன். அதுவும் தப்புதான்.

இன்று புது ஜாயிண்ட் ஒன்று போட்டோம். இங்கே ஒட்டுப் போட்டவர் வெள்ளை பெயின்டில் தேதியும் பெயரும் எழுத வேண்டும். நான் தமிழில் எழுதினேன், உன் பெயரை. பெல்ட் சுற்றும்போது இருபத்தாறு நிமிஷத்துக்கு ஒரு தடவை என்னைத் தாண்டிப் போகிறாய். போகிறாய், வருகிறாய்.

போய் இ புவெல்போ, காந்திமதி. ஜூலை 12.

உன் செங்குட்டுவன்


நெய்வேலி
16.3.2025

என்னங்க,

இசை கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். பாதியில் போனை அவள் கையில் கொடுத்துவிட்டேன், மீதியை அவளே படித்துக்கொண்டாள். அசூக்கார் தாராளமாகப் போட்டுக் கேசரி கிண்டினேன், லைன் முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். கனகம் அக்கா, "ஜெயிச்சா வீட்டுக்காரரு ரெண்டு வருஷம் வர மாட்டாரு, அதுக்குப் போயி இனிப்பா?" என்றார்கள்.  இன்னும் ரெண்டு ஸ்பூன் வைத்துக் கொடுத்தேன்.

நேற்று ஒரு தகரத்தை வெட்டி, ஸ்டோர்ஸில் எழுதுகிற மாதிரி கொட்டை எழுத்தில் உங்கள் பெயரை எழுதினேன். வாசல் போர்டில் என் பெயருக்குப் பக்கத்தில் திருகிவிட்டேன். கீழே இல்லை, பக்கத்தில். ஸ்டோர்ஸில் பெயர் அட்டை இல்லாத சாமானும் தொலைந்த சாமானும் ஒன்றுதான் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், இந்த ஒரு அட்டையை எழுதப் பதினெட்டு வருஷம் எடுத்துக்கொண்டேன். வராந்தாவை ஒழித்து வைத்திருக்கிறேன். பெல்ட் துண்டு இருந்தால் கொண்டுவந்து போடுங்கள்.

அன்று காலையில் நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். நீங்கள் வேப்பமரத்தடியில் நின்றதும் தெரியும், இரண்டு பஸ்ஸை விட்டதும் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்று போகிற வழியில் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை போகவில்லை.

உங்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை, தேர்வு முடிந்துவிட்டதால் இது சும்மா. நேசிப்பதற்கு அவர்கள் கெரேர் என்கிறார்கள். அகராதியில் வேரைப் பார்த்தேன். தேடுவது என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான். ஒருத்தரைத் தேடிக்கொண்டே இருப்பதற்குத்தான் அங்கே அந்தப் பெயர். இசைக்கு உங்களைத் தேடுகிறது, இசைக்கு உங்களைத் தேடுகிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேனே, அவள் அப்படி எழுதச் சொன்னது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் நான்.

ஜாயிண்ட் ஆறிவிட்டது. இன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்யுங்கள், எடுக்கிறேன். பேசி முடித்து வைக்கும்போது போயிட்டு வரேன் என்று தமிழிலேயே சொல்லுங்கள். அதற்கான பதிலை ஜனவரி ஆறாம் தேதியிலிருந்து வாயில் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆறு மணி வரை பொறுக்க முடியவில்லை, இப்போதே எழுதிவிடுகிறேன்.

வாங்க.

காந்திமதி